ஊசி போட்ட பிறகு

புதன்கிழமை காலை. துணை சுகாதார நிலையத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. தடுப்பூசி நாள். கைக்குழந்தையின் தொடையைப் பிடித்து, கிராம சுகாதார செவிலியர் ஊசியை இறக்கி எடுக்கிறார். குழந்தை ஒரு கணம் மூச்சை அடக்கி, பிறகு வீறிட்டு அழுகிறது. தாய் தோளில் போட்டுத் தட்டுகிறாள். பாட்டி கிலுகிலுப்பையை ஆட்டுகிறாள். அறையில் உள்ள எல்லாக் கண்களும் குழந்தை மேல்தான். அந்த நேரத்தில் செவிலியரின் கை செய்யும் இன்னொரு வேலையை யாரும் கவனிப்பதில்லை. ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாமல், மேசைமேல் இருக்கும் சிறு கருவியின் துளைக்குள் அதன் முனையை விட்டுப் பிடியை அழுத்துகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். ஊசி கழுத்தோடு துண்டாகி உள்ளே விழுகிறது. முனையில்லாத பிளாஸ்டிக் குழல் சிவப்புப் பைக்குப் போகிறது.

அந்தக் கருவிக்கு ஹப் கட்டர் என்று பெயர். மொத்தம் இரண்டு விநாடி வேலை. மருத்துவக் கழிவைப் பற்றி நான் படித்ததிலும் பார்த்ததிலும் இந்த இரண்டு விநாடியைவிட முக்கியமான ஒன்றைக் கண்டதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் எரியுலையும், பார்கோடு ஒட்டிய பைகளை ஏற்றிப் போகும் வண்டியும் இதற்குப் பிறகுதான் வருகின்றன. இங்கே விட்டதை அவற்றால் பிடிக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1,600 கோடி ஊசிகள் போடப்படுகின்றன. அவற்றில் தடுப்பூசியின் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவுதான். மீதியில் மிகப் பெரும்பகுதி சிகிச்சைக்காகப் போடப்படுபவை. அதில் பல தேவையே இல்லாதவை, மாத்திரையிலேயே சரியாகிவிடக்கூடிய நோய்க்குப் போடப்படுபவை. 'ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர், அப்பத்தான் கேக்கும்' என்று நம் ஊர் கிளினிக்குகளில் நாள் முழுதும் கேட்கும் குரலையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழிவு குப்பைக்கூடையில் பிறப்பதில்லை. நோயாளி கேட்டு மருத்துவர் இணங்கும் இடத்திலேயே அதன் ஒரு பங்கு பிறந்துவிடுகிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். மருத்துவரின் அறை மூலையில் ஸ்டவ் எரியும். அதன்மேல் எவர்சில்வர் பெட்டியில் கண்ணாடி சிரிஞ்சுகளும் ஊசிகளும் கொதித்துக்கொண்டிருக்கும். கம்பவுண்டர் இடுக்கியால் எடுத்து உதறிக் கொடுப்பார். அன்று கழிவு மிகக் குறைவு. ஆனால் கொதிக்கும் நேரம் குறைந்தால் ஒருவர் ரத்தத்தின் வைரஸ் அடுத்தவருக்குப் போகும். போயும் இருக்கிறது. அந்த ஆபத்தை ஒழிக்கத்தான் ஒருமுறை போட்டு எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வந்தது. அதையும் கழுவி விற்றார்கள் என்பதால், ஒருமுறை அழுத்தியதும் தண்டு பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச் வந்தது. 2003ஆம் ஆண்டு முடிவதற்குள் எல்லா நாடுகளும் தடுப்பூசிக்கு இதையே பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் 1999இல் கூட்டாக அறிவித்தன. நல்ல முடிவு. எத்தனையோ குழந்தைகளைக் காத்த முடிவு. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஊசி, ஒரு குழல் என்று மலையாகக் குவியப்போவதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி அந்த அறிவிப்போடு சேர்ந்தே பிறந்தது. பணக்கார நாடுகளிடம் அதற்கு விடை இருந்தது. சாலையும் மின்சாரமும் சரியாக எட்டாத ஊர்களில் இல்லை.

பயன்படுத்திய ஊசி ஏன் அத்தனை பயங்கரம்? நோயாளி ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவர் கையில் தெரியாமல் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால், குத்துப்பட்டவருக்குத் தொற்றும் வாய்ப்பு 0.3 விழுக்காடு. ஹெபடைடிஸ் சி இருந்தால் 1.8 விழுக்காடு. ஹெபடைடிஸ் பி இருந்தால் 30 விழுக்காடு. நம் மக்கள் நடுங்குவதெல்லாம் எய்ட்ஸுக்கு. கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள் காமாலை வைரஸ் அதைவிட நூறு மடங்கு எளிதாகத் தொற்றுகிறது. காய்ந்துபோன ரத்தத் துளியிலும் அது ஏழு நாள்வரை உயிர்ப்போடு இருக்கும். ஆகவே 'பழைய ஊசிதானே, காய்ந்துவிட்டதே' என்பது வீண் ஆறுதல்.

2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குஜராத்தின் சபர்கந்தா மாவட்டத்தில், மோடாசா என்ற ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் மக்கள் அடுத்தடுத்துக் காமாலையில் விழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு ஹெபடைடிஸ் பி. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரித்தபோது, உள்ளூர் மருத்துவர்கள் சிலர் ஒரே சிரிஞ்சைப் பலருக்குப் போட்டிருப்பது தெரிந்தது. மாநிலத்தின் பழைய பொருள் கிடங்குகளைச் சோதனையிட்டபோது பயன்படுத்திய சிரிஞ்சுகள் மூட்டை மூட்டையாகச் சிக்கின. ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் யாரும் குப்பை மேட்டில் கால் வைத்தவர்கள் இல்லை. கழிவுதான் அவர்களைத் தேடி மருத்துவர் மேசைக்குத் திரும்பி வந்திருக்கிறது. செவிலியரின் ஹப் கட்டர் வெட்டியெறிவது ஊசியின் முனையை மட்டுமல்ல, இந்தத் திரும்பி வரும் பாதையையும்தான்.

எல்லா மருத்துவக் கழிவும் இப்படி நச்சா என்றால் இல்லை. மருத்துவமனையில் சேரும் குப்பையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நம் வீட்டுக் குப்பை போன்றதே. ரொட்டி உறை, வாழைப்பழத் தோல், மாத்திரை அட்டை, பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில், செய்தித்தாள். மீதி 15 விழுக்காடுதான் தொற்றோ நச்சோ கதிரியக்கமோ உள்ளது. ஒரு மருத்துவமனையில் நாளொன்றுக்கு 100 கிலோ சேர்ந்தால், கவலைப்பட வேண்டியது 15 கிலோவுக்கு. ஆனால் அந்தப் பதினைந்தையும் எண்பத்தைந்தையும் ஒரே கூடையில் போட்டால் நூறு கிலோவும் தொற்றுக் கழிவு. குடம் பாலில் துளி விஷம் விழுந்த கதை. பிறகு அந்த நூறு கிலோவையும் ஏற்றவேண்டும், எரிக்கவேண்டும், காசு கொடுக்கவேண்டும். காசில்லாத மருத்துவமனை என்ன செய்யும்? இரவில் எங்காவது கொட்டும்.

பணக்கார நாடுகளில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு அரை கிலோ வரை அபாயக் கழிவு சேர்கிறது, ஏழை நாடுகளில் சராசரி 200 கிராம்தான். பட்டியலைப் பார்த்தால் ஏழை நாடு சுத்தமாகத் தெரியும். ஆனால் பல இடங்களில் பிரிப்பதே இல்லை என்பதால் உண்மையில் ஆபத்தாகிவிடும் அளவு இதைவிட அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே குறிப்பிடுகிறது. அதே நிறுவனமும் யுனிசெஃபும் 2015இல் 24 நாடுகளின் மருத்துவ நிலையங்களை ஆராய்ந்தன. கழிவைப் பாதுகாப்பாக அகற்றப் போதிய ஏற்பாடு இருந்தவை 58 விழுக்காடு.

சரி, எரித்துவிட்டால் என்ன? நம் மனம் முதலில் போகும் இடம் அதுதான். நெருப்பு எதையும் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை நமக்குள் ஆழமாக இருக்கிறது. அம்மை கண்ட வீட்டில் துணியை எரித்தோம், பழையதைப் போகியில் எரிக்கிறோம், உடலையும் தீயிடம் ஒப்படைக்கிறோம். கிருமியைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை பொய்யில்லை. ஆனால் தீ, தன்னிடம் கொடுத்ததை அழிப்பதோடு நிற்பதில்லை. அங்கே இல்லாத ஒன்றை உண்டாக்கவும் செய்கிறது.

டிரிப்ஸ் குழாய், ரத்தப் பை போன்றவை பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின். இதைக் குறைந்த வெப்பத்தில், புகைய விட்டு எரித்தால், அரைகுறையாக எரிந்த கரியும் குளோரினும் புகையில் ஒன்றாகப் பயணிக்கின்றன. புகை குளிர்ந்து ஏறத்தாழ 200க்கும் 450க்கும் இடைப்பட்ட செல்சியஸ் வெப்பத்தைக் கடக்கும்போது, சாம்பல் துகளில் இருக்கும் செம்பு போன்ற உலோகம் தூண்டுகோலாகி, இரண்டையும் இணைத்து டயாக்சின் என்ற நஞ்சை உருவாக்குகிறது. கழிவுப் பையில் டயாக்சின் ஒரு துளியும் இருந்திருக்காது. தீதான் அதைச் செய்தது. 1976இல் இத்தாலியின் செவேசோவில் ஒரு தொழிற்சாலை விபத்தில் ஊர்மேல் படிந்த நஞ்சு இதுவே. அதன் மிகக் கொடிய வகை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்தது. அது கொழுப்பில் தங்கும். புல்லில் படிந்து, மாட்டின் பாலுக்கு வந்து, நம் உடலுக்குள் புகுந்தால் பாதி வெளியேறவே ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும்.

எரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 800 டிகிரிக்குக் குறையாமல் எரியும் உலை, புகையை இரண்டாவது அறையில் 1,050 டிகிரி அளவில் குறைந்தது இரண்டு விநாடி வைத்திருக்கும் அமைப்பு, பிறகு புகையைச் சட்டென்று குளிரவைத்துக் கழுவும் கருவி, எல்லாம் இருந்தால் டயாக்சினைக் கட்டுப்படுத்தலாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் கேட்பதும் இதைத்தான். அந்தக் கருவிகளுக்கு ஆகும் விலையும் டீசலும் திறமையான ஆளும் ஒரு தாலுகா மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாது. அமெரிக்காவுக்கே கட்டுப்படியாகவில்லை. 1997இல் அங்கே புகை விதிகளை இறுக்கியபோது 2,300க்கும் மேற்பட்ட மருத்துவக் கழிவு எரியுலைகள் இருந்தன. பத்தாண்டுகள் ஆவதற்குள் நூற்றுக்கும் கீழே வந்துவிட்டன. சீர்திருத்துவதைவிட மூடுவது மலிவாக இருந்தது.

அதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் செங்கல்லால் கட்டிய சிறு எரியுலைகள் பெருகின. பிரிட்டனின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான வடிவம் அவற்றில் புகழ்பெற்றது. உள்ளூர்க் கொத்தனார் கட்டிவிடலாம், விறகு போதும். தெருவில் ஊசி சிதறிக் கிடப்பதைவிட இது எத்தனையோ மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விறகு ஈரமானால், வேலையாள் அவசரப்பட்டால், உலை சூடாகுமுன் பையைத் தூக்கிப் போட்டால், அது வெறும் புகைபோக்கி. உலக சுகாதார நிறுவனமும் இப்படிப்பட்ட சிற்றுலைகளை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே பார்க்கிறது.

இந்தியாவிலும் தீயின்மேல் இதே நம்பிக்கைதான் முதலில் எழுந்தது. டெல்லிக் குப்பை வழக்கில் 1996 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 50 படுக்கையும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகள் எரியுலையோ அதற்கு ஈடான மாற்று ஏற்பாடோ செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. ஊருக்கு நடுவே நூறு புகைபோக்கி முளைத்தால் என்ன ஆகும் என்று கேட்டு, டெல்லியின் சிருஷ்டி போன்ற சூழல் அமைப்புகள் 'மாற்று ஏற்பாடு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. 1998இல் நாட்டின் முதல் மருத்துவக் கழிவு விதிகள் வந்தபோது நீராவிக்கும் நுண்ணலைக்கும் அவற்றில் இடம் கிடைத்திருந்தது.

நீராவி என்றதும் பெரிய விஞ்ஞானம் என்று நினைக்க வேண்டாம். அது நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. ரொட்டி சுடும் அடுப்பு 200 டிகிரியில் இருந்தாலும், உள்ளே ஒரு நொடி கையை நீட்டி எடுத்துவிடலாம். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவி நூறு டிகிரிதான், அது பொத்துப்போகவைக்கிறது. காரணம், ஆவி குளிர்ந்த பரப்பில் பட்டதும் நீராக மாறுகிறது. அப்படி மாறும்போது தன்னுள் அடைத்துவைத்திருந்த வெப்பத்தையெல்லாம் அந்த இடத்தில் கொட்டிவிடுகிறது. ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது வெளிவரும் வெப்பம் 2,260 கிலோஜூல். அதே ஒரு கிலோ கொதிநீர் உடல் வெப்பநிலைக்கு ஆறினாலும் வெளிவருவது 264 கிலோஜூல்தான். எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். கிருமியின் புரதம் அந்த அடியில் திரிந்துபோகிறது, முட்டையின் வெள்ளை கெட்டியாவதுபோல.

ஆனால் நூறு டிகிரி போதாது. சில பாக்டீரியாக்கள் விதைபோல ஓடு கட்டிக்கொண்டு உறங்கும். அந்தச் சிதல்கள் கொதிநீரில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஆவியை அடைத்து அழுத்தம் ஏற்ற வேண்டும். குக்கர் வெயிட் தூக்கி விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு கூடுதல் அழுத்தம், 121 டிகிரி வெப்பம். மருத்துவக் கழிவை வேகவைக்கும் ஆட்டோகிளேவுக்கு இந்திய விதிகள் சொல்லும் முதல் அளவும் அச்சு அசல் இதுவே. 121 டிகிரி, 15 பவுண்டு, 60 நிமிடம். பருப்பு வேகும் அதே அழுத்தத்தில் ஒரு மணி நேரம் வெந்தால் ரத்தம் தோய்ந்த சிரிஞ்சு தொற்றற்ற பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. புகை இல்லை, டயாக்சின் இல்லை.

குக்கரைப் போலவே இதற்கும் பக்குவம் உண்டு. உள்ளே காற்று தங்கினால் அது போர்வைபோல் மூடி, ஆவியைப் பொருளின்மேல் படவிடாது. அதனால் நல்ல கலன்கள் முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஆவியை விடும். வாய் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள்ளும் ஆவி போகாது. வெளியே முள் 121ஐக் காட்டும், பைக்குள் கிருமிகள் உயிரோடு இருக்கும். இதைப் பிடிக்க அழகான ஒரு சோதனை இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் இனத்தைச் சேர்ந்த, வெப்பத்துக்கு மிகவும் பழகிய ஒரு பாக்டீரியாவின் சிதல்களைச் சின்னக் குப்பியில் அடைத்து, கழிவுச் சுமையின் நடுவே புதைத்து வேகவைப்பார்கள். பிறகு குப்பியை வெளியே எடுத்து, உள்ளிருக்கும் ஊட்டத் திரவத்தில் சிதல்கள் நனையும்படி செய்து, இதமான சூட்டில் வைப்பார்கள். ஒன்றாவது பிழைத்திருந்தால் திரவம் ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறும். ஊதா ஊதாவாகவே இருந்தால் சுமை சுத்தம். இந்தச் சிறு குப்பியை மாதாமாதம் நேர்மையாக வைத்துப் பார்க்கும் மருத்துவமனையை நான் நம்புவேன், வாசலில் எத்தனை வண்ண வாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆட்டோகிளேவால் முடியாதவையும் இருக்கின்றன. புற்றுநோய் மருந்தின் மிச்சம் வெந்தாலும் நஞ்சாகவே இருக்கும். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தை அதில் வைத்தால் ஆவியோடு ஆவியாகக் கலந்து அறையெங்கும் பரவும். அறுவைச் சிகிச்சையில் நீக்கிய உறுப்பை வேகவைப்பது பார்க்கவும் மனம் ஒப்பாது, பயனும் இல்லை. அவற்றுக்குத் தனி வழி வேண்டும். மறுபடியும் பிரிப்பதில் வந்து நிற்கிறோம். பிரிக்காத மூட்டையை எந்த இயந்திரமும் நல்லபடி செரிக்காது.

காத்மாண்டுவின் நடுவில் பீர் சம்சேர் ராணாவின் பெயரைத் தாங்கிய பழைய அரசு மருத்துவமனை ஒன்று இருக்கிறது. நேபாளத்திலேயே பழமையானது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. எந்நேரமும் கூட்டம் நெரியும் இடம். ஹெகாஃப் என்ற நேபாளத் தொண்டு நிறுவனம், மகேஷ் நகர்மியின் தலைமையில், 2010இல் அங்கே ஒரு வேலையைத் தொடங்கியது. எரியுலை வாங்கிக் கொடுப்பதில் தொடங்கவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. வார்டு வார்டாகப் போனார்கள். செவிலியர் ஊசி போடத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியிலேயே ஊசி வெட்டியையும் தனித்தனிப் பாத்திரங்களையும் பொருத்தினார்கள். பிரிப்பதற்காக யாரும் நாலு அடி நடக்க வேண்டியதில்லை என்று ஆனபோது பிரிப்பது பழக்கமானது. தொற்றுக் கழிவை ஆட்டோகிளேவில் வேகவைத்து, பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் கண்ணாடியையும் பழைய பொருள் வாங்குபவர்களுக்கு விற்றார்கள். மக்கும் கழிவை மண்புழுவிடமும் எரிவாயுக் கலனிடமும் ஒப்படைத்தார்கள். பாதரசக் கருவிகளை விலக்கினார்கள். பணத்தாலும் இயந்திரத்தாலும் மட்டும் இது நடக்கவில்லை. மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தியதால் நடந்தது. நம் மருத்துவமனைகளில் பயிற்சி என்றால் கூட்ட அறையில் செவிலியருக்கு ஒரு நாள், துப்புரவுப் பணியாளருக்கு ஒன்றுமில்லை. கழிவை அன்றாடம் கையால் தொடுபவர் அவர்தான்.

நஞ்சுக்கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரசவ வார்டில் நாளுக்கு நாள் சேரும் இதன் பெரும்பகுதி நீர். அதை எரிப்பதென்றால் முதலில் அவ்வளவு நீரையும் டீசல் ஊற்றி ஆவியாக்க வேண்டும். மின்சாரம் வராத ஊர்களில் சிமென்ட் வளையம் இறக்கிய ஆழ்குழியில் இட்டு மண்ணிடம் விட்டுவிடுகிறார்கள், நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்த இடத்தில் அதுவே போதும். காத்மாண்டுவில் இதைச் சாண எரிவாயுக் கலன்போன்ற தொட்டியில் செரிக்கவிட்டும் பார்த்திருக்கிறார்கள். நஞ்சுக்கொடியை வீட்டருகே மரியாதையோடு புதைத்த வழக்கம் நம் கிராமங்களிலும் இருந்தது. பாட்டிமார்கள் செய்தது இதற்கு அதிக தூரத்தில் இல்லை.

இந்தியா தேர்ந்த வழி வேறு. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக உலை வைக்காமல், ஒரு வட்டாரத்துக்கு ஒரு பொது நிலையம். 75 கிலோமீட்டருக்குள் அப்படி ஒன்று இருந்தால் மருத்துவமனை சொந்தமாக அமைக்கக் கூடாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறம். எரிக்க வேண்டியது மஞ்சளில், வேகவைத்து மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக் சிவப்பில், கூரானவை குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். தொற்றுள்ள கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தாளில் பார்த்தால் உலகின் நல்ல விதிகளில் ஒன்று. நாடு முழுதும் நாளொன்றுக்குச் சுமார் 700 டன் சேர்கிறது. அதன் மிகப் பெரும்பகுதி இந்த நிலையங்களுக்குத்தான் போகிறது என்பது சின்னச் சாதனை இல்லை.

கசிவது தூரத்தில்தான். கேரளத்துக்குப் பல ஆண்டுகள் இந்திய மருத்துவச் சங்கம் பாலக்காட்டில் நடத்தும் ஒரே நிலையம்தான் இருந்தது. திருவனந்தபுரத்தின் கழிவு மாநிலத்தின் நீளத்தில் பாதிக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைகளின் கழிவு குவியலாகக் கொட்டிக் கிடந்ததை மக்கள் கண்டார்கள். குவியலில் கிடந்த நோயாளிகளின் தாள்களே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளில் அகற்றச் சொன்னது, கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, மருத்துவக் கழிவைக் கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. கோபம் நியாயமானது. ஆனால் லாரி ஓட்டுநரைச் சிறையில் வைப்பதால் மட்டும் இது நிற்காது. அந்த லாரிக்குள் எத்தனை கிலோ ஏறியது, அதில் ஏறியிருக்கத் தேவையே இல்லாதது எவ்வளவு என்று வார்டிலேயே கேட்டாக வேண்டும். படுக்கை எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் வாங்கினால், பிரிக்கும் மருத்துவமனைக்கும் பிரிக்காத மருத்துவமனைக்கும் ஒரே தொகை. எடைக்கு வாங்கினால் கள்ளத்தனமாகக் கொட்டத் தோன்றும். இரண்டையும் கலந்து, குறைத்தவருக்குச் சலுகை கொடுக்கும் முறையை நாம் இன்னும் யோசித்து வகுக்க வேண்டும்.

கோவிட் காலத்தில் உலகம் இந்தப் பாடத்தை நெருக்கடியில் படித்தது. 800 கோடி டோஸ் தடுப்பூசி போட்டதில் சிரிஞ்சும் ஊசியும் பெட்டியுமாக மட்டும் 1,44,000 டன் கூடுதல் கழிவு என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்த அறிக்கை, தேவையில்லாமல் மாட்டிக்கொண்ட கையுறைகளைப் பற்றியும் பேசியது. கை கழுவினால் போதும் என்ற இடத்திலும் கையுறை.

எங்கள் வீட்டிலும் ஒரு சிறு மருத்துவமனை நடக்கிறது. அம்மா பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார், காலையும் மாலையும். வருடத்துக்கு எழுநூறு ஊசிக்கு மேல் என்று கணக்குப் போட்டதே இல்லை. மூடியை மாட்டிக் காகிதத்தில் சுற்றிச் சமையலறைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் குப்பை எடுக்க வரும் பெண், வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்று அம்மாவிடம் கையைக் காட்டினார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "உங்க வீட்டுதுன்னு சொல்லல பெரியம்மா. எந்த வீட்டுதுன்னு எனக்குத் தெரியாது. ஊசி இருந்தா தனியாக் குடுத்துருங்க." அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அதைப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் கையாள்வது வீட்டுக் குப்பை என்பதால் அந்த விதிக்குள் அவர் வருவதில்லை.

இப்போது அலமாரியில் ஒரு காலி ஃபினாயில் பாட்டில் இருக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக், திருகு மூடி. ஊசியை மூடி மாட்டாமல் நேரே அதற்குள் போடுகிறோம். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியைத் திருகி டேப் ஒட்டுவோம். பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது, நாங்கள்தான் அறியாமல் இருந்தோம். பாட்டில்மேல் 'ஊசி' என்று மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதுவது அம்மாவின் வேலை. அதை அவர் வண்டியில் வைக்கச் சொல்வதில்லை. வாசல்வரை நடந்துபோய், அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுக்கிறார்.